நாலாயிரம் ரூபாவின் நான்கு பெறுமதிகள்



இலங்கை ரூபாவுக்கும் இந்திய ரூபாவுக்கும் இடையிலான மாற்று விகித வரலாற்றை ஆராயப் பொரளையில் கூடியிருக்கிறோம். இவ்வூரின் கொட்டா வீதி இன்று கலாநிதி என். எம். பெரேராவின் பெயரைத் தாங்கியுள்ளது. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது நிதியமைச்சராக இருந்தவர் அவர். அந்த ஒப்பந்தத்தில் உள்ள ஒரு தொகையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர் இந்தியா செல்ல வேண்டியிருந்தது. சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் சொத்துகளை அவர்கள் எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பத்துக்கான உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படாது என்று இலங்கை அரசு உறுதியளித்தது.

அன்று அந்த 4,000 ரூபா, இந்தியாவிலும் 4,000 ரூபாதான். 1872 இல் சதக் கணக்கு முறைக்கு மாறியபோதும், 1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தபின் அரசே நாணயத்தாள் வெளியிடத் தொடங்கியபோதும், 1950 இல் மத்திய வங்கி பிறந்தபோதும் இரு ரூபாக்களும் சமமாகவே நின்றன. கொழும்புச் செட்டியார் தெருவின் வட்டிக்கடைகளும் தோட்டத்துக் கங்காணிகளின் கணக்குகளும் அந்தச் சமநிலையை நம்பியே இயங்கின.

1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் நாணயத்தை மதிப்பிறக்கியது. டொலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆயிற்று. இலங்கை அசையவில்லை. அதே 4,000 ரூபா இப்போது ஏறத்தாழ 6,300 இந்திய ரூபா. 1967 நவம்பரில், ஸ்டேர்லிங் பவுண் சரிந்ததைத் தொடர்ந்து இலங்கையும் டொலருக்கு 5.95 என மதிப்பிறக்கியது. தொகை 5,040 அளவுக்கு இறங்கியது. 1977 நவம்பரில் விகிதங்கள் ஒன்றாக்கப்பட்டு டொலருக்கு 16 ரூபா என ஆனபோது அது இரண்டாயிரத்துச் சொச்சம் மட்டுமே. அப்போதும் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. வரம்பு அதே 4,000 ஆகவே நின்றிருந்தால், ஒரே உறுதிமொழிக்குப் பதின்மூன்று ஆண்டுகளில் நான்கு பெறுமதிகள்.

ஆகவே மாற்று விகிதத்தை வெறும் எண்ணாக வாசிக்க முடியாது. எந்தத் திகதி, எந்த விகிதம், யாருடைய பணம் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். இதுவே இக்கருத்தரங்கின் முன் நான் வைக்கும் கோரிக்கை.

இரண்டாவது கேள்வி மிகவும் முக்கியமானது. 1968 மே மாதம் முதல் 1977 வரை இந்நாட்டில் ஒரே விகிதம் இருக்கவில்லை. பீக்ஸ் எனப்பட்ட வெளிநாட்டுச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறையில் அத்தியாவசியமற்ற இறக்குமதிகளுக்கு முதலில் 44 வீதமும் பின்னர் 65 வீதமும் மேலதிகமாகச் செலுத்த வேண்டியிருந்தது. புதிய வகை ஏற்றுமதியாளருக்கும் அந்த உயர் விகிதம் கிடைத்தது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கு அது கிடைக்கவில்லை. நாட்டின் டொலரைப் பெருமளவில் ஈட்டித் தந்த தேயிலை தாழ்ந்த விகிதத்திலேயே கணக்கிடப்பட்டது. கொழுந்து பறித்த கைகளின் உழைப்பு எவ்வளவு குறைத்து எடைபோடப்பட்டது என்பதை உத்தியோகபூர்வ அட்டவணை நமக்குச் சொல்லாது.

யாருடைய பணம் என்ற கேள்வி அண்மைக் காலத்துக்கும் பொருந்தும். 2022 மார்ச்சில் இலங்கை நாணயம் மிதக்கவிடப்பட்டபோது, மூன்று ரூபாவுக்கும் குறைவாக இருந்த இந்திய ரூபா, மே மாதத்துக்குள் நாலரை ரூபாவைத் தாண்டியது. சென்னைக்குச் சிகிச்சைக்குப் போன வெள்ளவத்தைக் குடும்பங்களுக்கும் இந்தியாவில் படித்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் அந்தச் சில வாரங்கள் என்ன செய்தன என்பதை இப்போதே பதிவுசெய்தாக வேண்டும்.

மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகள் நம் கையில் இருக்கின்றன. வீரகேசரி, தினகரன் பழைய இதழ்கள் இருக்கின்றன. தாயகம் திரும்பியோரின் குடும்ப ஆவணங்கள் தமிழகத்தில் நீலகிரியிலும் திருச்சியிலும் வீடுகளில் கிடக்கின்றன. அவற்றை அறிந்து விளக்கக்கூடிய தலைமுறை முதுமையடைந்துவிட்டது. இளம் ஆய்வாளர்களே, முதலில் அங்கே செல்லுங்கள். அட்டவணைகள் காத்திருக்கும், அந்தத் தலைமுறையால் முடியாது.

இந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை அன்போடு அழைக்கிறேன்.