ஆறு மாதத்து மருந்து

தாராவியில் வைத்தியம் செய்யும் டாக்டர்களிடம், க்ஷயரோகத்துக்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 1991ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கேட்கப்பட்டவர்கள் 102 பேர். அவர்கள் எழுதிக் கொடுத்த மருந்து முறைகள் 80. ஒரு நோய்க்கு எண்பது வழிகள்! ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, அதே தாராவியில் 106 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். 2010இல் வெளியான அந்த முடிவில் முறைகள் 63. புதிய நோயாளிக்குச் சரியாக எழுதியவர்கள் ஆறே பேர். ஆங்கில வைத்தியம் பயின்றவர்களும் பிற முறைகளைப் பயின்றவர்களும் அவர்களில் உண்டு.

டாக்டர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. மருந்தை எழுதுவது அவர்கள் கையில் இருக்கிறது. அது நாள் தவறாமல் நோயாளியின் வயிற்றுக்குள் போய்ச் சேருவதோ தாதியராகிய எங்கள் கையிலும், அதைவிட அதிகமாக வீட்டாரின் கையிலும் இருக்கிறது. ஆகவே, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இம்மருந்துகளின் இயல்பை அறிந்திருப்பது அவசியம்.

காசநோய் என்று இன்று நாம் வழங்கும் இந்நோயில், நுரையீரலில் ஒரு குழி விழுந்திருந்தால் அதில் பத்துக் கோடிக் கிருமிகள் வரை இருக்கலாம். ஐசோனியாசிட் என்ற மருந்துக்கு அடங்காத கிருமி ஏறக்குறைய பத்து லட்சத்துக்கு ஒன்று வீதம் தானாகவே தோன்றுகிறது. அம்மருந்து ஒன்றை மாத்திரம் கொடுத்தால் மற்றவை மடியும். அடங்காத நூறு மிஞ்சும். அந்த நூறு பெருகி மறுபடி கோடியாகும்போது, அக்கோடி முழுவதும் மருந்தை மதியாத கூட்டமாகிவிடும். 1943இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியே கொடுத்துப் பார்த்தபோது இதுவே நிகழ்ந்தது. பிரிட்டனில் 1948இல் வெளியான ஆராய்ச்சியின்படி, நோயாளிகள் பலர் முதலில் தேறினர். பின்னர் பலருடைய கிருமிகள் அம்மருந்துக்கு அடங்க மறுத்தன. ரிபாம்பிசினுக்கு அடங்காத கிருமி சுமார் பத்துக் கோடிக்கு ஒன்று. இரண்டு மருந்துகளுக்கும் ஒருங்கே அடங்காத கிருமி தானாகத் தோன்ற வேண்டுமாயின், இவ்விரு எண்களையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். அத்தனை கிருமிகள் எந்த மனித உடலிலும் இருப்பதில்லை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் காரணம் இந்தக் கணக்குத்தான்.

அடங்கும் கிருமியாயின், முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும், அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் தினந்தோறும் கொடுக்கப்படுகின்றன. இவற்றை ஒரே மாத்திரையில் கலந்து, உடல் எடைக்குத் தக்க எண்ணிக்கையில் தருகிறார்கள். இங்கேதான் இடைஞ்சல். ஒரு மாதத்தில் காய்ச்சல் விட்டுவிடும், இருமல் தணியும், பசி எடுக்கும். இனி மருந்து எதற்கு என்று தோன்றும். ஆனால் சோம்பிக் கிடக்கும் கிருமிகள் அப்போதும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைத் தீர்க்கத்தான் எஞ்சிய மாதங்கள்.

மருந்தை நிறுத்துவதற்கு அச்சமும் ஒரு காரணம். ரிபாம்பிசின் உட்கொண்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். கண்ணீரும் வியர்வையும்கூட நிறம் மாறலாம். இரத்தம் போகிறதென்று நடுங்கி மருந்தை எறிந்துவிடுவோர் உண்டு. அதில் அபாயம் ஏதுமில்லை. முதல் நாளே இதைச் சொல்லிவிட்டால் பாதி அச்சம் தீரும். கைகால் மதமதப்பு ஐசோனியாசிட்டால் வருவது. பைரிடாக்சின் என்ற வைட்டமின் அதைத் தடுக்கும். மூட்டு வலி பைரசினமைடால் வரலாம். கண் மங்கினாலும், சிவப்புக்கும் பச்சைக்கும் பேதம் தெரியாமற் போனாலும், அது எத்தாம்பியூட்டாலின் வேலையாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணும் மேனியும் மஞ்சளித்து வாந்தி நிற்காதிருந்தால், அடுத்த வேளை மருந்தை விழுங்காமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்கள் அதைக் கூசாமல் சொல்லிவிட வேண்டும். ரிபாம்பிசின் அதன் பலனைக் குறைத்துவிடும்.

ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் வீட்டில் இவ்வைத்தியம் பலிக்குமா என்று சிலர் ஐயுறலாம். இந்த ஐயத்துக்கு உலகுக்கே விடை சொன்னது நம் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், 193 ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினரை ஆரோக்கிய விடுதியில் வைத்தும், மறு பாதியினரைத் தம் நெருக்கமான வீடுகளிலேயே விட்டும், ஓராண்டு ஒரே மருந்து கொடுத்தார்கள். விடுதியில் நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இரண்டும் அரிது. ஆயினும், 1959இல் வெளியான முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டாருக்கு நோய் தொற்றுவதும் அதனால் அதிகரிக்கவில்லை. ஆனால் ஒன்று: ஊழியர்கள் சொல்லாமற் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கட்டிலும் காற்றோட்டமும் குணப்படுத்தவில்லை. விழுங்கிய மருந்து குணப்படுத்தியது.

தாராவிக்கு அருகே மாஹிமில் உள்ள ஒரு மருத்துவமனையின் டாக்டர்கள், சோதித்த மருந்து எதற்கும் அடங்காத கிருமிகளை நான்கு நோயாளிகளிடம் கண்டதாக 2011 இறுதியில் எழுதினர். அந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. அத்தகையோருக்கும் இன்று பெடாகுவிலின் போன்ற புதிய மருந்துகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு இருதயத்தின் துடிப்பையும் இரத்தத்தையும் அடிக்கடி சோதிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, தொடக்கத்திலேயே சளியைக் கொடுத்து, ரிபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்று பார்த்துக் கொள்வது நலம். சோதனையும் மருந்தும் அரசாங்கத்தில் இலவசம். ஊட்டத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்று ஒரு தனி இடர் உண்டு. பொங்கலுக்கோ கோயிற்கொடைக்கோ திருநெல்வேலிப் பக்கம் போகிறோம், பத்து நாள் என்பது நாற்பது நாளாகிவிடுகிறது, மாத்திரை தீர்ந்துபோகிறது. நோயாளியின் பெயர் நிக்ஷய் என்ற அரசாங்கக் கணினிப் பதிவில் ஓர் எண்ணோடு இருக்கும். புறப்படுமுன் இங்கே மருந்து வாங்கும் இடத்தில் சொல்லிவிட்டு, அந்த எண்ணைக் குறித்துக் கொண்டு போனால், ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தியத்தைத் தொடரலாம். தங்கும் நாட்களுக்கு மேல் ஒரு வார மாத்திரையையும் சேர்த்துக் கேட்டுப் பெறுங்கள். அதை இருக்கைக்கு அடியில் தள்ளும் பெட்டியில் வைக்காமல், கையோடு கொண்டுபோகும் பையில் வையுங்கள். ரயிலில் கழியும் நாளும் மருந்து உட்கொள்ள வேண்டிய நாளே.