தச்சருக்குச் சிறு வைஸின் பயன்
(கல்லங்குறிச்சிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஸ்ரீராமநவமியையொட்டி இவ்வூர்க் கலியுக வரதராஜப் பெருமாளின் தேர் அசைந்து வருங்கால், தச்சுத் தொழிலின் பெருமையை உணராதார் இலர். ஆனால் தேர் வேலை எப்போதும் கிடைப்பதன்று. சுவாமி படச் சட்டம், ஐந்தறைப் பெட்டி, மரப்பாச்சி, சிறு சிற்பம் ஆகிய சில்லறை வேலைகளே நம்மவரிற் பலருக்கு நாடோறும் சோறளிக்கின்றன. பெரம்பலூரைச் சார்ந்த அரும்பாவூர் மரச்சிற்பங்கள் 2020-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றமை, இத்தகைய வேலைக்கும் உலகில் மதிப்புண்டென்பதைக் காட்டும்.

பெருமரம் தன் எடையாலேயே அசையாது கிடக்கும். சிறு கட்டையோ உளி பட்டவுடன் நழுவும். ஆதலின் அதனைக் காலால் மிதித்தும் இடக்கையாற் பற்றியும் வேலை செய்து வருகின்றோம். உளி தவறினால் முதலிற் காயமுறுவது அக்காலும் அக்கையுமே. முதுகு நோவும் உடன்வரும். கூலிக் குறைவு ஒருபுறமிருக்க, இத்துன்பத்தைக் கண்டும் நம் பிள்ளைகள் தொழிலினின்று விலகுகின்றனர் அல்லரோ?

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் மோட்டார் வண்டிகளை வடிவமைத்து வந்த ரான் ஹிக்மன் என்பார், நாற்காலியின்மேல் மரத்தை வைத்து அறுக்கையில் நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டார். அதன் பயனாக, மேற்பலகைகளே மரத்தைப் பற்றிறுக்கும் மடக்கு மேசையை அவர் அமைத்தார். கம்பெனிகள் பல முதலில் அதனை மறுத்தன. பின்னர் அது இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று.

நாம் அத்துணைப் பொருள் செலவிட வேண்டுவதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் இலண்டனில் ஜோசப் மாக்சன் என்பார் வெளியிட்ட தொழில் நூலிற் காணப்படும் இரு திருகுப் பிடி, இன்று 'மாக்சன் வைஸ்' என வழங்குகின்றது. இரண்டு அங்குலக் கனமுள்ள இரண்டு வேப்பம் பலகைகளும், இரண்டு திருகுகளும் இருப்பின் அதனை நாமே செய்துகொள்ளலாம். பின்பலகை முன்பலகையினும் நீண்டிருக்க வேண்டும். அந்நீட்சியை 'சி' கிளாம்பினால் எம்மேசையிலும் பிணைக்கலாம். வேலை முடிந்ததும் கழற்றிப் பையில் எடுத்துச் செல்லலாம். தரையில் அமர்ந்து செய்வோர் நீண்ட பலகையொன்றில் இதனைப் பொருத்தி, அதன் மறுதலையில் தாமே அமர்ந்தால், அவர்தம் எடையே அதனை அசையாது நிறுத்தும்.

திருகின் ஆற்றல் வியக்கத்தக்கது. புரியிடை 5 மில்லிமீட்டரும், கைப்பிடி 10 சென்டிமீட்டரும் ஆயின், கை ஏறக்குறைய 63 சென்டிமீட்டர் சுற்றுங்கால் பலகை 5 மில்லிமீட்டரே நகரும். கணக்கின்படி விசை 125 மடங்காகும். உராய்வு பெரும்பகுதியை விழுங்கினும், எஞ்சுவது எவர் கைப்பிடியினும் வலிது.

நிற்க. சில எச்சரிக்கைகளும் உள. இரும்பு வாய் மரத்தில் வடுப்படுத்துமாதலின், உள்முகத்தில் தோல் ஒட்டுக. இரு திருகுகளையும் சமமாக முடுக்குக. மெல்லிய பலகையை மிகையாக இறுக்கினாற் பிளக்கும். வேலை செய்யுமிடம் வாய்க்கு அண்மையில் இருப்பின் மரம் அதிராது. கடைகளில் விற்கும் உறிஞ்சுபிடி வைஸ் வழவழப்பான மேசைக்கே ஏற்றது. சொரசொரப்பான பலகையில் நில்லாது.

கருவியை நம்பினாற் கைத்திறன் குன்றுமென்பார் சிலர். அடிக்கடி திருப்பிச் செதுக்கும் சிற்ப வேலையிற் காற்பிடியே விரைவுடைத்தென்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆனால் கழுந்து அறுத்தல், துளையிடல், முனை சீவுதல் ஆகியவற்றிற்கு இரு கைகளும் வேண்டும். மரத்தைப் பற்றும் வேலையைத் திருகிடம் விட்டால், இடக்கை உளிக்கும் வலக்கை கொட்டாப்புளிக்கும் முழுதும் உரியவாகும். திறன் அதனால் வளருமேயன்றிக் குன்றாது.

ஆகவே, அன்பர்களே! கழிந்த பலகைத் துண்டுகளைக் கொண்டு வீட்டுக்கொரு வைஸ் செய்யுங்கள். பெண்மக்களும் சிறாரும் அதில் அறுக்கவும் இழைக்கவும் பழகட்டும். விரலுக்கு ஊறு நேராதென்னும் துணிவு பிறந்தால், தொழிலின்மேல் ஆசையும் தானே பிறக்கும்.