ஆயிரம் ரூபாய்க்கு 590 ரூபாய்

கிரெடிட் கார்டின் வரம்பு 50,000 ரூபாய். ஏற்கெனவே 49,000 செலவாகிவிட்டது. மளிகைக் கடையில் 2,000 ரூபாய்க்குக் கார்டைத் தேய்க்கிறார் ஒருவர். மெஷினிலிருந்து சீட்டு வந்துவிடுகிறது. நிம்மதியாகப் பையைத் தூக்குகிறார்.

தாண்டியது 1,000 ரூபாய்தான். சில வங்கிகள் இதற்கு 2.5 சதவீதம் அல்லது 500 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதை வாங்குகின்றன. சதவீதக் கணக்குப்படி 25 ரூபாய்தான். ஆனால் பில்லில் ஏறுவது 500. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாய். சின்னச் சம்பளக்காரருக்கு இது பெரிய அடி.

வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வரம்பைத் தாண்டவிடக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதி 2022 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மிக நல்ல விதி.

முன்பே சம்மதம் கொடுத்திருந்தாலும், பல வங்கிகளின் செயலியில், வரம்பைத் தாண்டவிடும் இந்த 'ஓவர் லிமிட்' வசதியை நிறுத்திவைக்கலாம். நிறுத்தினால், அந்த 2,000 ரூபாய் பில்லுக்குக் கார்டு கடையிலேயே மறுக்கப்படும்.