பிறர்க்காகப் பேசுதல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மன்னன் முன் நின்று நீதி கேட்டவர்கள் தமிழிலக்கியத்தில் பலர். அவருள் இருவர் இன்று நினைக்கத்தக்கவர்கள். ஒருவர் கோவூர் கிழார். மலையமானின் இளஞ்சிறார்களை யானைக் காலில் இடக் கிள்ளிவளவன் துணிந்தபோது, அவர் இடையே புகுந்து பேசினார். அச்சிறுவர்களுக்குத் தங்களுக்கு நேரவிருப்பது இன்னதென்று அறியும் வயதுகூட இல்லை. மற்றொருவர் கண்ணகி. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் அவளுக்காகப் பேச ஒருவரும் இல்லை. தன் வழக்கைத் தானே உரைத்தாள், தன் சான்றைத் தானே காட்டினாள், வென்றாள்.

பேச இயலாதவர்க்காகப் புலவன் பேசுவது ஒரு மரபு. பாதிக்கப்பட்டவர் தாமே பேசுவது இன்னொரு மரபு. முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் உரிமைக்காக உழைக்கும் தொண்டர்களின் வரலாறு, முதல் மரபிலிருந்து இரண்டாம் மரபை நோக்கி நடந்த நெடும் பயணமாகும். அதில் கவிஞர்களுக்கும் ஒரு பாடம் உண்டு.

ஒரு வாக்கியமும் நான்கு ஆண்டுகளும்

அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு ஒரு மறுவாழ்வுச் சட்டம் நிறைவேறியது. அதன் 504ஆம் பிரிவு ஒரே ஒரு வாக்கியம்தான். நடுவணரசின் நிதியுதவி பெறும் எந்தத் திட்டத்திலும், உடற்குறை என்னும் காரணத்தை மட்டுமே கொண்டு தகுதியுடைய ஒருவரை விலக்கவோ, வேற்றுமை பாராட்டவோ கூடாது என்பது அதன் சாரம். ஆனால் அதனைச் செயற்படுத்தும் விதிமுறைகள் கையொப்பம் பெறாமல் நான்கு ஆண்டுகள் கிடந்தன. விதிமுறை இல்லாத சட்டம் வெறும் ஏட்டுச் சுரைக்காய். பள்ளியின் படிக்கட்டு படிக்கட்டாகவே இருந்தது. மருத்துவமனையின் குறுகிய வாயில் குறுகியதாகவே இருந்தது.

1977 ஏப்ரல் 5ஆம் நாள் பல நகரங்களில் ஒரே நேரத்தில் போராட்டம் தொடங்கியது. மற்ற நகரங்களில் அது விரைவில் முடிவுற்றது. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும், நலத்துறை அலுவலகத்தின் நான்காம் தளத்தினுள் புகுந்த நூற்றுக்கு மேற்பட்டோர் வெளியேற மறுத்துவிட்டனர். சக்கர நாற்காலியில் இருப்போர், பார்வையற்றோர், செவித்திறன் இல்லாதோர், மனவளர்ச்சி குன்றியோர், அவர்களுடைய உதவியாளர்கள் எனப் பலதரப்பட்டோர் அதில் இருந்தனர். முன்னின்று நடத்தியவர்களுள் ஜூடித் ஹியூமன், கிட்டி கோன் என்னும் பெண்மணிகள் குறிப்பிடத்தக்கவர்கள். ஹியூமன் குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்திற்கு ஆளானவர். 1970இல் ஆசிரியப் பணிக்கான உரிமம் மறுக்கப்பட்டு, வழக்காடி அதனைப் பெற்றவர். 2023இல் மறையும்வரை இப்பணியிலிருந்து அவர் விலகவில்லை.

உடல் நலமுள்ளோர்க்கே அரிதான செயல் இது. படுத்தால் தாமே புரண்டு படுக்க இயலாதவர்கள் வெறுந்தரையில் உறங்கினர். இரவில் அவர்களைப் புரட்டிவிட மற்றவர்கள் முறை வைத்து விழித்திருந்தனர். குளிரூட்டி வைக்க வேண்டிய மருந்துகளுக்குக் குளிர்பெட்டி இல்லை. குளிர்காற்றுக் கருவியின் மேல் ஓர் அட்டைப் பெட்டியை ஒட்டி அதனையே குளிர்பெட்டியாக்கினர். தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, செவித்திறன் இல்லாதோர் சாளரத்தருகே நின்று தெருவில் இருந்தவர்களோடு சைகைமொழியில் பேசினர். குறை என்று உலகம் எண்ணிய ஒன்று, அன்று அனைவர்க்கும் வாயாக அமைந்தது.

உள்ளே இருந்தவர்களின் துணிவு ஒருபுறம். வெளியே இருந்தவர்களின் தொண்டு மறுபுறம். கறுப்பினத்தவரின் ‘பிளாக் பேந்தர்’ கட்சியினர் நாள்தோறும் சூடான உணவு கொண்டுவந்து வழங்கினர். அவர்களுள் ஒருவரான பிராட் லோமாக்ஸ், தண்டுமரப்பு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர், போராட்டக்காரர்களுள் ஒருவராக உள்ளே இருந்தார். தேவாலயத்தார் உதவினர். தொழிற்சங்கத்தார் உதவினர். போராளிகளின் குழுவொன்று தலைநகர் வாஷிங்டனுக்குச் சென்றபோது, ஏறிச் செல்லத்தக்க பேருந்து அங்கே இல்லை. எந்திரத் தொழிலாளர் சங்கம் வாடகைக்கு எடுத்துக்கொடுத்த சரக்கு வண்டியின் இருண்ட உட்புறத்தில், சக்கர நாற்காலிகளோடு அமர்ந்து அவர்கள் சென்றனர். எந்த உரிமைக்காகப் போராடினரோ அதன் தேவையை அப்பயணமே மெய்ப்பித்தது.

ஏப்ரல் 28ஆம் நாள் நலத்துறைச் செயலாளர் ஜோசப் கலிஃபானோ விதிமுறைகளில் கையொப்பமிட்டார். 30ஆம் நாள் போராளிகள் கட்டடத்தை விட்டு வெளியே வந்தனர். 1990இல் இயற்றப்பட்ட விரிவான மாற்றுத்திறனாளிகள் சட்டத்திற்கு இதுவே அடித்தளம்.

நரையின் குரல்

மாற்றுத்திறனாளிகளின் கதை இவ்வாறிருக்க, முதியோரின் கதை ஓர் ஓய்வு விழாவில் தொடங்குகிறது. மேகி குன் என்னும் அம்மையார் 1905இல் பிறந்தவர். கிறித்தவத் திருச்சபை அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். 1970இல் 65 வயது நிறைந்ததால் கட்டாய ஓய்வு அளிக்கப்பட்டது. பிரிவுப் பரிசாகக் கிடைத்தது ஒரு தையல் எந்திரம். ‘இனி வீட்டில் அமர்ந்து தைத்துக்கொண்டிரு’ என்று அப்பரிசு சொல்லாமல் சொல்லிற்று.

அம்மையார் தம்மைப் போன்ற நிலையில் இருந்த நண்பர்கள் ஐவருடன் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுவே பின்னர் ‘கிரே பேந்தர்ஸ்’, அதாவது நரைத்த சிறுத்தைகள், என்று பெயர் பெற்றது. முதியோரும் இளைஞரும் ஒன்றாகப் பணியாற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. ஃபிலடெல்ஃபியாவில் இருந்த தம் வீட்டையே இளையோருடன் பகிர்ந்து வாழ்ந்தார். முதியோரைச் சீட்டாட்டத்திலும் சிற்றுலாவிலும் மகிழ்வித்து ஓரமாய் அமர்த்தும் மன்றங்கள் அவருக்கு உடன்பாடல்ல. கட்டாய ஓய்வு வயது 1978இல் 65இலிருந்து 70ஆக உயர்த்தப்பட்டது. 1986இல் பெரும்பாலான பணிகளுக்கு அறவே நீக்கப்பட்டது. இம்மாற்றத்திற்குக் குரல் கொடுத்தவர்களுள் அவர் முன்வரிசையில் நின்றார். 1995இல் காலமானார்.

தொண்டரின் கட்டுப்பாடு

போராட்டங்கள் வரலாற்றில் இடம் பெறும். அன்றாடத் தொண்டு இடம் பெறுவதில்லை. ஆயினும் கவிஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டியது அதனையே.

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரின் முறையீடுகளைக் கேட்பதற்கென, 1972இல் அமெரிக்காவின் சில மாநிலங்களில் ஒரு திட்டம் சோதனையாகத் தொடங்கப்பட்டது. ‘ஆம்புட்ஸ்மன்’ என்னும் சுவீடிய மொழிச் சொல்லால் அது வழங்கப்படுகிறது. 1809இலேயே சுவீடன் நாட்டில் மக்களின் குறைகேட்கும் அலுவலரைக் குறித்த சொல் அது. 1978இல் ஒவ்வொரு மாநிலமும் இத்திட்டத்தை நடத்தியே ஆகவேண்டும் என்று சட்டமாயிற்று. ஊதியம் பெறும் அலுவலர்களோடு, பயிற்சி பெற்று, ஊதியமின்றி இல்லங்களுக்குச் சென்றுவரும் தொண்டர்களும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களுள் தாமே ஓய்வுபெற்ற முதியவர்களும் உண்டு.

அவர்கள் கேட்கும் முறையீடுகள் பெரும்பாலும் சிறியனவாகத் தோன்றும். அழைப்பு மணியை அடித்தால் ஒருவரும் வருவதில்லை. உணவு ஆறிப்போய் வருகிறது. பெயர் சொல்லி மதிப்போடு அழைப்பதில்லை. இல்லத்தை விட்டு வெளியேறுமாறு சொல்கிறார்கள். ஆனால் கட்டிலைவிட்டு இறங்க இயலாதவருக்கு அந்த மணிதான் உலகத்தோடுள்ள ஒரே தொடர்பு. அது கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால், அவர் நாடு கடத்தப்பட்டவரே ஆவார். 1987ஆம் ஆண்டின் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் இச்சிறியவற்றையே உரிமைகளாக எழுதிவைத்தது. தமக்கு வரும் கடிதத்தைப் பிறர் பிரிக்காதிருத்தல், தம் மருத்துவரைத் தாமே தெரிவு செய்தல், இல்லவாசிகள் கூடி மன்றம் அமைத்தல், வெளியேற்றுவதாயின் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்புப் பெறுதல் ஆகியன அவற்றுள் சில.

இத்தொண்டர்க்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு ஒன்று உண்டு. முறையிட்டவரின் இசைவின்றி அவர் பெயரை வெளியிடலாகாது. அவர் விரும்பாத நடவடிக்கையை அவர் பொருட்டு எடுக்கலாகாது. நீர் பருகக் கேட்டு ஒரு மணிநேரம் காத்திருந்த மூதாட்டி, ‘இதைப் பெரிதுபடுத்தாதே அம்மா, நாளை அவர்கள் முகத்தில்தானே நான் விழிக்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டால், தொண்டர் தம் சினத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். மீண்டும் வரலாம்; அருகே அமரலாம்; அவருடைய உரிமைகள் இவை என்று எடுத்துச் சொல்லலாம்; அவர் துணிவு பெறும்வரை காத்திருக்கலாம். அவரை முந்திக்கொண்டு பேசலாகாது. நல்லெண்ணம் உடையவர்க்கு இதனினும் கடுமையான நோன்பு இல்லை.

‘பரிந்து பேசுதல்’ என்பது இதற்குத் தமிழில் வழங்கும் தொடர். அதனுள்ளே பரிவு என்னும் சொல் அடங்கியிருக்கிறது. பரிவு உயர்ந்த பண்பே. ஆனால் பரிவு கொள்பவர் நின்றுகொண்டும், பரிவுக்குரியவர் கிடந்துகொண்டும் இருக்கின்றனர். தொண்டருக்கு விதித்த கட்டுப்பாடு, நிற்பவரைக் கட்டிலருகே அமரச் செய்கிறது. இருவர் கண்களும் ஒரே மட்டத்திற்கு வருகின்றன.

கவிதைக்குரிய வினா

இனி இந்த அவைக்கு நேரடியாக உரியதொன்று. ‘குருட்டுச் சட்டம்’, ‘செவிட்டு அரசு’, ‘முடமான நீதி’ என்றெல்லாம் எழுதுவது தமிழ்க் கவிதையில் இயல்பாகிவிட்டது. எழுதுபவர் சாடுவது அரசை. அடி விழுவது பார்வையற்ற வாசகர் மேல். தம் உடல் எல்லாத் தீமைக்கும் உவமையாக நிற்பதை அவர் பிரெய்ல் எழுத்தில் விரல் நுனியால் தடவி அறிகிறார். தமிழ்நாட்டில் ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல் 2010இல் அரசு வழக்கிலிருந்து விலகி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்னும் சொல் இடம் பெற்றது. அரசாணை சொல்லை மாற்றும். உவமையை மாற்றக் கவிஞரால்தான் இயலும்.

முதுமையைப் பாடும் கவிதைக்கும் இது பொருந்தும். முதியோர் இல்லம் பற்றிய கவிதைகள் ஏராளம். வாயிலைப் பார்த்து மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் கண்ணீரில் அவை பெரும்பாலும் முடிகின்றன. அக்கண்ணீர் பொய்யன்று. ஆனால் அந்தத் தாய்க்கு மகனைத் தவிர வேறு சொல்வதற்கும் உண்டு. சோறு குழைந்திருப்பதைப் பற்றி, பக்கத்துக் கட்டிலின் தோழியைப் பற்றி, தாம் படிக்க விரும்பும் நூலைப் பற்றி, வாக்களிக்கப் போக விடவில்லை என்பதைப் பற்றி அவருக்குக் கருத்துண்டு. கவிஞர் அதனைக் கேட்டாரா? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை இந்தியா 2007இல் இயற்றியது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 1995இல் 7 ஆக இருந்த வகைகள் 2016இல் 21 ஆக விரிந்தன. சட்டம் கேட்கத் தொடங்கிவிட்ட காலத்தில் கவிதை கேளாதிருத்தல் அழகன்று.

இதற்கும் பழைய மரபு ஒன்று வழிகாட்டுகிறது. சங்கப் புலவருள் ஐயூர் முடவனார் என்று ஒருவர். நடக்க இயலாமை அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது. அவர் தாமான் தோன்றிக்கோனைப் பாடிச் சென்று கேட்டது தம் வண்டியை இழுக்க ஓர் எருது. தம் நிலையை எண்ணி இரங்குமாறு அவர் வேண்டவில்லை. தமக்கு வேண்டியது இன்னதென்று தெளிவாகச் சொன்னார். அரசன் கேட்டதற்கு மேலும் வழங்கினான் என்று புறநானூறு காட்டுகிறது. பாடத் தெரிந்தவராதலால் அவர் குரல் அவைக்கு எட்டியது. பாடத் தெரியாத முடவர்கள் அன்றும் இருந்திருப்பர். அவர்கள் கேட்ட எருது எது என்பது ஒருவர்க்கும் தெரியாது.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்கள், அடுத்து ஒரு முதியோர் இல்லத்திற்கோ பார்வையற்றோர் பள்ளிக்கோ செல்லும் நாளில், எழுதுகோலைச் சற்று நேரம் பையிலேயே வைத்திருந்து, அங்குள்ளவர் சொல்வதை முழுதும் கேட்பார்களாக. வாசலில் படிக்கட்டில்லாத கூட்ட அரங்கொன்றைத் தெரிவு செய்து, அவர்களையே இம்மேடைக்கு அழைத்துப் பேசச் செய்வார்களாக. பதினோராம் ஆண்டு மலரில் அவர்களுடைய எழுத்து, அவர்கள் பெயரிலேயே வெளிவருமாக.