ஏலம் விடாத அலைக்கற்றை, முதலில் கடலுக்கும் மலைக்கும் வரட்டும்!

மாவட்டச் செயல்வீரர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்:



கொஞ்ச நாளா நம்ம இளைஞர்கள் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். "ஸ்டார்லிங்க் வந்துட்டா கேபிளே வேண்டாமாமே, வானத்துல இருந்தே நெட் வருமாமே, நம்ம நிலைப்பாடு என்ன?"

தொழில்நுட்பத்தை எதிர்க்கிறவர்கள் அல்ல நாம். ஆனா அது யாருக்கு முதலில் போய்ச் சேரணும்னு கேட்கிற கடமை நமக்கு இருக்கு.

முதல்ல விஷயத்தைப் புரிஞ்சுக்குவோம். நம்ம வீட்டு டிஷ் பார்த்துக்கிட்டிருக்கிற செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. டி.வி. பார்க்க அது போதும். அதுல நெட் ஓட்டினா, நாம அனுப்புறது போய் பதில் திரும்பி வர அரை நொடிக்கு மேல ஆகும். வீடியோ காலில் டாக்டரிடம் பேசினால் பேச்சு தடுமாறும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் பறக்கின்றன. பக்கத்துல இருப்பதால பதில் சட்டுனு வரும். ஆனா ஒவ்வொண்ணும் சில நிமிஷத்துல நம்மைக் கடந்து போயிடும். அடுத்தது வந்து பிடிச்சுக்கணும். அதனாலதான் 7,000-க்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் தேவைப்படுது.

இந்த நிறுவனத்துக்கு 2025 ஜூன் மாதம் ஒன்றிய அரசு உரிமம் கொடுத்தது. இங்கேதான் நாம் கவனிக்கணும். 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்த பிறகு, செல்போன் அலைக்கற்றை ஏலத்தில்தான் போகிறது. செயற்கைக்கோள் சேவைக்கு மட்டும் ஏலம் கிடையாது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி அரசே நேரடியாக ஒதுக்கும். ஒரே அலைவரிசையைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துக்க முடியும்ங்கிறதுதான் காரணம். அதுல நியாயம் இருக்கு, மறுக்கல.

ஆனா அலைக்கற்றை மக்கள் சொத்து. மக்கள் சொத்தை ஏலமில்லாம கொடுக்கும்போது, பதிலுக்கு மக்களுக்கு என்னன்னு கேட்கணுமா, வேண்டாமா?

2025 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை இணையமைச்சரே சொன்னார், இந்தியாவில் ஸ்டார்லிங்க் 20 லட்சம் இணைப்புதான் தர முடியும்னு. நாட்டில் 6 லட்சத்துக்கும் மேல் கிராமங்கள் இருக்கு. கணக்குப் போட்டா ஊருக்கு மூணு இணைப்பு! அந்த மூணு யாருக்கு? பணம் உள்ளவர் பண்ணை வீட்டுக்கா, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கா? சந்தையிடம் விட்டா பதில் என்ன வரும்னு நமக்குத் தெரியும்.

2017 நவம்பர் 30-ஐ மறக்க முடியுமா? ஒக்கி புயல்! தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்கள் பல நாள் முன்னாடியே ஆழ்கடலுக்குப் போயிருந்தாங்க. செல்போன் எட்டாது, வயர்லெஸ்ஸும் எட்டாது. கரையில் எச்சரிக்கை கொடுத்தாங்க, கடலில் இருந்தவனுக்கு அது போய்ச் சேரல. இன்னைக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் கொடுக்கிறாங்க, வரவேற்கிறோம். ஆனா அதில் குறுஞ்செய்திதான் போகும். அடிபட்டவனைக் காட்டி டாக்டரிடம் ஆலோசனை கேட்க முடியாது. நடுக்கடலுக்குக் கேபிள் இழுக்க முடியாது. டவர் வைக்க முடியாது. வானம் ஒண்ணுதான் வழி. தாழ்வட்டச் செயற்கைக்கோள் உண்மையிலேயே தேவைப்படுறது அங்கேதான். ரோடே போகாத மலைக் கிராமத்துக்கும் அதே நிலைமைதான்.

நகர்ப்புறச் சந்தாதாரர் ஒருத்தருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் நிறுவனம் கூடுதலாகக் கட்டணும், கிராமத்துக்கு அது வேண்டாம்னு டிராய் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. திசை சரி. ஆனா சலுகை கொடுத்தா மட்டும் நிறுவனம் கிராமத்துக்கு வந்துடாது. கட்டாயம் வேணும்.

இன்னொரு எச்சரிக்கை. வானம் வந்துடுச்சுன்னு சொல்லி வயரைக் கைவிடக் கூடாது. கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் திட்டத்துக்கு 2011-லேயே ஒப்புதல் கிடைத்தது. தமிழ்நாட்டில் மட்டும் 12,525 ஊராட்சிகள். ஒரு செயற்கைக்கோளின் திறனை அதன் கீழே இருக்கிற எல்லாரும் பங்கு போட்டுக்கணும். ஆள் கூடக்கூட வேகம் குறையும். ஊர் முழுக்கத் தாங்குறது கேபிள்தான்.

கடைசியா, ஸ்விட்ச் யார் கையில்? கிரிமியா பக்கம் இணைப்பைத் திறந்துவிட உக்ரைன் கேட்டபோது தாம் மறுத்ததாக எலான் மஸ்க்கே 2023-ல் சொன்னார். அவர் முடிவு சரியா தப்பாங்கிறது வேற விவாதம். ஒரு தனி மனிதர் அந்த முடிவை எடுக்க முடிஞ்சதே, அதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு:

✅ ஆழ்கடல் படகு, மலைக் கிராமம், அங்குள்ள பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுக்கு முதல் ஒதுக்கீடு. அதை உரிமத்தின் நிபந்தனையாகவே எழுத வேண்டும்.

✅ மீனவர்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் கருவிச் செலவை அரசு ஏற்க வேண்டும்.

✅ ஊராட்சிக் கேபிள் திட்டத்துக்கான நிதியில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது.

✅ தரவு உள்நாட்டு நிலையங்கள் வழியாகத்தான் போக வேண்டும். எந்த அழுத்தத்துக்காகவும் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தக் கூடாது.

தோழர்களே, இதை உங்க ஊர் கிராமசபையில் தீர்மானமா கொண்டு வாங்க. மீனவர் குப்பங்களில் போய்ப் பேசுங்க. வானத்துக்கு வேலி கிடையாது. ஆனா நாம கேட்காம விட்டா, அதையும் சிலர் வளைச்சுப் போட்டுடுவாங்க.

கேட்போம், பெறுவோம்!

#அலைக்கற்றை_மக்கள்சொத்து
#கடலுக்கும்_மலைக்கும்_முதலில்