ஒன்றும் தென்படாத நாளின் குறிப்பு



1997 அக்டோபர் 4. சான்பிரான்சிஸ்கோ கரையிலிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. தள்ளி இருக்கும் ஃபாரலோன் தீவுகள். திமிங்கிலம் பார்க்கப் படகேறி வந்தவர்களின் கண்ணெதிரே ஓர்க்கா எனும் கொலையாளித் திமிங்கிலம் ஒன்று வெள்ளைச் சுறாவைக் கொன்று அதன் ஈரலைத் தின்றது. கடலில் எதிரியே இல்லை என்று பலரும் எண்ணியிருந்த விலங்கு அன்று இரையானது. பீட்டர் பைல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். அதன்பின் தீவைச் சுற்றிச் சுறாக்களின் வேட்டை சட்டென்று குறைந்துபோனது.

இது தற்செயலா, அச்சமா?

ஒற்றை நிகழ்ச்சியை வைத்து அதைச் சொல்ல முடியாது. உறுதியான விடை வர 2019 ஆயிற்று. சால்வடோர் ஜோர்கென்சனும் அவருடைய குழுவினரும் மூன்று வகைப் பதிவுகளைப் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். 2006 முதல் 2013 வரை 165 வெள்ளைச் சுறாக்களின் உடலில் பொருத்திய ஒலிக்கருவிகளின் பதிவு ஒன்று. ஓர்க்காக்கள் வந்துபோன நாட்களின் பதிவு மற்றொன்று. மூன்றாவது, தென்கிழக்கு ஃபாரலோன் தீவின் கலங்கரை விளக்கக் குன்றில் நின்று, சுறாக்கள் சீல்களை அடிக்கும் ஒவ்வொரு தடவையும் குறித்துவைத்தவர்களின் 27 ஆண்டுக் கணக்கு.

2009 நவம்பரில் கருவி பொருத்திய 17 சுறாக்கள் அந்தத் தீவருகே இருந்தன. ஓர்க்காக்கள் வந்து சிறிது நேரமே தங்கின. சில மணி நேரத்தில் சுறாக்கள் இடத்தைக் காலி செய்தன. பெரும்பாலானவை அந்தப் பருவம் முடியும் வரை திரும்பவில்லை. அவற்றில் சில கரையோரமாக அன்யோ நுவேவோ தீவுப் பக்கம் போய்ச் சேர்ந்தன. சாதாரணமாக ஒரு பருவத்தில் ஏறத்தாழ 40 யானை சீல்கள் சுறாவுக்கு இரையாகும் இடம் தென்கிழக்கு ஃபாரலோன் தீவு. ஓர்க்கா வந்த ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை நான்கில் ஒரு பங்காக, சில சமயம் ஏழில் ஒரு பங்காகக் குறைந்தது. ஓர்க்கா சீல்களைக் காக்க வரவில்லை. ஆனாலும் அதன் வரவே சீல்களின் உயிரைக் காத்தது.

இதுபோன்ற நிகழ்ச்சி வேறொரு கடலிலும் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய் கரையில் 2017இல் வெள்ளைச் சுறாக்களின் உடல்கள் அடுத்தடுத்து ஒதுங்கின. பலவற்றில் ஈரல் இல்லை. எண்ணெய்ச் சத்து மிகுந்த உறுப்பு அது. அலிசன் டவுனரும் உடனுழைத்தவர்களும் அந்த உடல்களை அறுத்து ஆராய்ந்தார்கள். முதுகுத் துடுப்பு இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்ந்த போர்ட், ஸ்டார்போர்ட் என்ற இரு ஓர்க்காக்கள்மீது சந்தேகம் விழுந்தது. 2023இல் மோசல் பே அருகே ஸ்டார்போர்ட் தனியாகவே ஓர் இளம் வெள்ளைச் சுறாவை இரண்டு நிமிடத்துக்குள் கொன்றது.

அந்தக் கடலில் வெள்ளைச் சுறாக்கள் தென்படுவதும் குறைந்தது. அதற்கு ஓர்க்கா மட்டுமே காரணம் என்பதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. கடற்கரையில் குளிப்போரின் பாதுகாப்புக்குப் போடும் சுறா வலைகளையும் தூண்டில் மீன்பிடிப்பையும் சிலர் சுட்டுகிறார்கள். சுறாக்கள் கிழக்கே இடம்பெயர்ந்தன என்கிறார்கள் வேறு சிலர். எந்தத் தரப்பானாலும் சான்று தேடிப் போவது பழைய பதிவேடுகளிடம்தான்.

பட்டம் பெறும் செல்வங்களே, உங்களில் பலருக்கு முதல் வேலை இறங்குதளத்தில் மீன் எடை பதிவதாகவோ, படகின் ஓரத்தில் நின்று கடலைப் பார்ப்பதாகவோ இருக்கலாம். ஃபாரலோன் குன்றில் நின்றவர்கள் சுறா தென்படாத நாட்களையும் விடாமல் எழுதிவைத்தார்கள். அந்த வெற்று நாட்கள்தான் ஓர்க்காவின் செல்வாக்கைக் காட்டிக்கொடுத்தன. அதனால், ஒன்றும் காணாத நாளிலும் தேதி, நேரம், இடம் மூன்றையும் எழுதி, எதிரே சுழியம் என்று போடுங்கள். அந்தக் குறிப்பேட்டை உங்களுக்குப் பின் வருபவரிடம் பத்திரமாக ஒப்படையுங்கள்.