வைத்தியருக்கு நேர்ந்த பிணி

கொக்கெயின் மருந்து கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று வியன்னா வைத்தியர் ஒருவர் 1884-இல் கண்டறிந்த செய்தி கேட்டு, நியூயார்க்கில் பிரபல ரணசிகிச்சை நிபுணராயிருந்த வில்லியம் ஹால்ஸ்டெட், அதன் அபாயம் சரிவரத் தெரியாத அக்காலத்தில், தம் உடம்பிலேயே ஊசி போட்டுப் பரீட்சை செய்து, அதற்கே அடிமையாகிவிட்டார். தொழில் சிதைந்து சிகிச்சைக்குப் போய் வந்த அவரை ஒதுக்கிவிடாமல், வில்லியம் வெல்ச் என்னும் வைத்திய நண்பர், 1886-இன் இறுதியில் பால்டிமோருக்கு வரவழைத்துத் தமது ஆய்வுக்கூடத்தில் இடம் கொடுத்தார். அந்நகரில் 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் தலைமை ரணசிகிச்சையாளராக உயர்ந்த ஹால்ஸ்டெட், கிருமிநாசினி பட்டுக் கைத்தோல் புண்ணான ஒரு நர்ஸுக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்வித்தார். இன்று கையுறையின்றி ஆபரேஷனே கிடையாது.

ஆனால் அவரது துன்பம் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. பின்னாளில் பற்றிக்கொண்ட மார்ஃபின் பழக்கத்தை அறிந்த சகா வில்லியம் ஆஸ்லர் எழுதி வைத்த ரகசியக் குறிப்பு, 1969-இல்தான் வெளிப்பட்டது. சோர்வோ, போதையோ, மனநோயோ வைத்தியருக்கும் வரும். அவமானத்துக்கும் வேலை பறிபோகுமென்ற பயத்துக்கும் இடமின்றி அவர் சிகிச்சை பெற வழி செய்வது, அவரிடம் நாடி பார்க்கக் கை நீட்டும் நமக்கும் க்ஷேமமே.